நீலம் எந்த வெளிச்சத்தில் நீலம்?

சாயப்பட்டறையில் நிறம் பார்த்துச் சொல்கிறவருக்குச் சம்பளம் கண்ணுக்கு. ஆனால் நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வது காது. இதே வேலையில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் எங்களுக்காக ஒரு நிமிடம் பரிதாபப்படுங்கள்.

நான் திருப்பூர் அருள்புரம் பக்கம் ஒரு பட்டறையில் ஷேடு பார்க்கிறேன். நான் சேர்ந்தபோது, ஒரு வெளிநாட்டுக் கம்பெனி எங்கள் கருநீல டீஷர்ட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. மூன்றாவது முறையும் தவறினால் ஆர்டர் கிடையாது, ஆர்டர் இல்லையென்றால் சாயப் பிரிவையே மூடிவிடுவேன் என்று முதலாளி பொன்னுசாமி அண்ணன் சொல்லியிருந்தார். அந்தப் பிரிவில் நாற்பது பேர். நாற்பத்தோராவது ஆள் நான்.

கேட் வெளிச்சம்

பொன்னுசாமி அண்ணன் நிறம் பார்க்கும் முறை எளிமையானது. காலை பதினோரு மணிக்குத் துணியோடு கேட்டுக்குப் போவார், வடக்குப் பார்த்து நின்று விரித்துப் பிடிப்பார், "ஓகே" என்பார். திரும்பி வந்த டீஷர்ட்டும் அங்கே ஓகே ஆனதுதான். உடம்புத் துணியும் காலரும் கேட்டில் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன.

நான் அதையே லைட் பாக்ஸுக்குள் வைத்தேன். உள்ளே சாம்பல் நிறச் சுவர், மேலே நாலு விதமான விளக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்விட்ச். பகல் விளக்கில் இரண்டும் ஒன்று. கடைகளில் எரியும் டியூப்லைட் வகைக்கு மாற்றியதும் காலர் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. வெயிலில் ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லா நிறமும் இருக்கிறது, இந்த டியூபில் சிலதுதான் தூக்கலாக இருக்கிறது, தன்மேல் விழுகிற நிறத்தைத்தான் துணி திருப்பித் தர முடியும் என்று அண்ணனுக்கு விளக்கினேன். காலருக்கும் உடம்புக்கும் வேறு வேறு சாயக் கலவை போட்டிருக்கிறார்கள். அதனால் இரண்டும் வெயிலில் சமாதானமாக இருந்தன, டியூப்லைட்டில் சண்டை போட்டன. அண்ணன் ஸ்விட்சை நாலு தடவை போட்டுப் போட்டு அணைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"துணி வெச்ச எடத்துலயேதானுங்க அம்மிணி இருக்குது. நீங்க லைட்ட மாத்திப்போட்டு துணியக் குத்தஞ் சொன்னா எப்படிங்க?"

ஸ்டெல்லாவின் சந்தேகம்

துணியில் ஓட்டை, கறை பார்க்கிற செக்கிங் பிரிவில் ஸ்டெல்லாவின் கண்தான் எனக்கு அடுத்த கண். இரண்டு பேர் பார்த்தால்தான் எனக்குத் தைரியம். ஆனால் அவள் லைட் பாக்ஸ் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா, எனக்கு ஏழு மாசமுங்க. அந்தப் பெட்டியில ரேடியேசன் வருதாமா, நான் வல்லீங்க" என்றாள்.

வருவது உண்மைதான், டியூப்லைட் வெளிச்சமும் ரேடியேஷன்தான் என்று நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவள் இன்னும் இரண்டடி பின்னால் போனாள். உட்கார வைத்துப் பேசினேன். எஃப்எம் ரேடியோ அலை, செல்போன் அலை, இஸ்திரிப் பெட்டியின் முன் முகத்தில் அடிக்கிற அனல், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், அதைத் தாண்டிப் புறஊதா, அப்புறம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே: எல்லாம் ஒரே வகை அலைதான். வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். அலையின் நீளம் குறையக் குறைய அதன் முறுக்கு ஏறும், எக்ஸ்ரேயிடம்தான் எச்சரிக்கை வேண்டும். இந்தப் பெட்டியில் ஒரே ஒரு புறஊதா விளக்கு இருக்கிறது, நீ இருக்கும்போது அதைப் போடமாட்டேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து உள்ளே வந்தாள்.

"அப்ப எங்க மாமியா ஊட்டுச் சொந்தமாட்டம்னு சொல்லுங்கக்கா. எல்லாம் ஒரே குடும்பம், ஆரு கிட்டப் போலாம், ஆரு கிட்டப் போகக்கூடாதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோணும்."

வெள்ளை வேட்டி

ஒரு நாள் ஸ்டெல்லா சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அண்ணன் வந்தார். எப்போதும்போல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கைப் போட்டேன். பெட்டிக்குள் இருந்த வெளுக்காத பருத்தித் துணி மங்கிக் கிடந்தது. அண்ணனோ முழங்காலிலிருந்து கழுத்து வரை நீலமாக ஜொலித்தார். பதறிப்போய் வேட்டியை உதறினார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னேன். புறஊதாவை நம் கண் பார்க்காது. சலவைப் பவுடரில் வெண்மை கூட்டப் போடுகிற பொருள் அதை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற நீலமாகத் திருப்பித் தருகிறது. துணியில் இருக்கிற லேசான மஞ்சளை அந்த நீலம் மறைத்துவிடும், வெயிலிலும் புறஊதா உண்டு என்பதால் கேட்டிலும் அது பளிச்சென்று தெரியும். அண்ணன் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட் வெளிச்சத்தின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை அன்றுதான் முதன்முதலாக ஆடியது.

"இத்தன வருசமா ஊர்ல என்னைய வெள்ளையுஞ் சொள்ளையுமான ஆளுன்னு சொன்னதெல்லாம் சோப்புத்தூளோட வேலைதானுங்களா?"

ஆயுத பூஜை

உடம்புக்கும் காலருக்கும் ஒரே மூன்று சாயங்களைப் போட்டுப் புது லாட் இறக்கினோம். பூஜை முடிந்த மறுநாள், நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்கிற மெஷினில் ஒரு துணியை வைத்தேன். பையர், அதாவது அந்த வெளிநாட்டுக் கம்பெனி, அனுப்பிய நிறத்தைவிட நீலம் அதிகம், ஃபெயில் என்றது. அடுத்த துணியும் ஃபெயில். லைட் பாக்ஸில் புறஊதா தவிர மற்ற மூன்று விளக்கிலும் சரியாக இருக்கிறது என்றாள் ஸ்டெல்லா. கேட்டிலும் சரி என்றார் அண்ணன். மெஷின் பொய் சொல்லாது என்று நான் குதித்தேன். முழு லாட்டையும் மறுபடி சாயத்தில் போடச் சொல்லிச் சீட்டும் எழுதிவிட்டேன். போட்டிருந்தால் ஷிப்மென்ட் தேதி போயிருக்கும், நாற்பத்தொரு பேரும் வீட்டில்தான்.

சீட்டைக் கொடுக்கப் போகும்போதுதான் மெஷினோடு வந்த சின்ன வெள்ளைப் பீங்கான் வில்லையைத் திருப்பிப் பார்த்தேன். காலையில் அதைத்தான் முதலில் மெஷினுக்குக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொல்லிக்கொடுப்போம். நடுவில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சந்தன மஞ்சளை வெள்ளை என்று நம்பிய மெஷினுக்கு உலகமே நீலமாகத் தெரிந்திருக்கிறது. கண்ணால் பார்க்காமல் பழக்கதோஷத்தில் வைத்தது நான்தான். பொட்டைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்ததும் பாஸ் என்றது மெஷின். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் அண்ணனை முறைத்தேன்.

"பொட்டு வெச்சது நானுங்க, நெசந்தான். பொட்ட நம்பி எங்க ரெண்டு பேரு கண்ணையும் நம்பாம வுட்டது ஆருங்க?"

கடைசிப் பார்வை

பையர் தரப்பில் ஒரு அம்மா பெங்களூரிலிருந்து வந்தார். சிரிக்காத முகம். டீஷர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு மஞ்சள் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டார். காலர் உடம்பைவிட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்தாள், நான் அழுதுவிட்டேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

அண்ணன் மட்டும் அந்த டீஷர்ட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். மணி பதினொன்று. வடக்குப் பார்த்து விரித்துப் பிடித்தார். கையெழுத்தே போட்டாச்சே, இன்னும் என்ன பார்க்கிறார் என்று, பின்னாலேயே நடந்து வந்த அந்த அம்மா என்னிடம் கேட்டார். அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது.

"உங்களுக்குப் பாஸாயிருச்சுங்க. மேல ஒருத்தரு காலையிலிருந்து லைட்டப் போட்டு வெச்சுக் காத்துட்டிருக்கறாரு, அவருக்கும் ஒருக்காக் காட்டிப்போட்டு வந்தர்றனுங்க."

இத்தனை பெரிய அலைக் குடும்பத்தில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு சின்னக் கீற்றுதானாம். மிச்சமும் தெரிந்து தொலைத்திருந்தால், திருப்பூரிலிருந்து இதுவரை ஒரு பனியன்கூடக் கப்பல் ஏறியிருக்காது.