இன்னொரு தடவை பாருங்க, டாக்டர்

என் கணவரின் நெஞ்சில் இரும்பு மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சபையாரே, அந்தச் சத்தத்திலிருந்துதான் என் சாட்சியைத் தொடங்க வேண்டும்.

கடந்த மழைக்காலம். கொச்சியில், கொச்சங்காடியில் அவர் மேற்பார்வை பார்க்கும் மிளகுக் கிட்டங்கிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். இடுப்பில் எங்கள் மகள். வாசலில் இரண்டு பேரோடு அவருக்குத் தகராறு. யார் லாரி முதலில் உள்ளே போவது என்பதுதான் விஷயம். ஒருவன் அவர் வாயில் குத்தினான். பல் உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். விழுந்தவர் எழுவதற்குள் மற்றவன் மூட்டை ஏற்றும் தள்ளுவண்டியை ஓடிவந்து தள்ளினான். அதன் இரும்பு முனை நெஞ்சில் மோதியது. பிறகும் மிதித்தார்கள். நான் கத்தினேன். மகள் என் காதருகே அலறினாள்.

ஆஸ்பத்திரியிலும் அடிதடி நிற்கவில்லை. என் கொழுந்தன் ஜெயன், மூட்டை தூக்கும் கொக்கியோடு அவசரப் பிரிவுக்குள் பாய்ந்தான். இளம் டாக்டரின் காலரைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

“எங்கண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயும் வீட்டுக்குப் போக மாட்டே!”

காவலாளி விலக்கிவிட்டார். டாக்டர் சிறிய ஸ்கேன் கருவியை என் கணவர் நெஞ்சில் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் இதய அறையைச் சுற்றிப் பச்சைக் கோடு தானாகவே வரைந்துகொண்டது. கீழே அறுபது சதவீதம் என்ற எண் வந்தது. திரையை அப்படியே ஜெயன் பக்கம் திருப்பினார்.

“பாருங்க சேட்டா, மெஷினே அளந்து சொல்லுது. ஹார்ட் நார்மலா பம்ப் பண்ணுது.”

ஜெயன் சிரித்தான். “எங்கண்ணன் நெஞ்சு கல்லு, அண்ணி! நான் போய் அவனுங்க ரெண்டு பேரையும் இந்தக் கொக்கியில மாட்டிட்டு வர்றேன்.”

ஆனால் என் கணவரின் கழுத்து நரம்பு விரல் பருமனுக்குப் புடைத்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. மூச்சுக்குத் தவித்தார்.

நான் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவள் அல்ல. காஸை மூடினேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுவேன். அவரே கேலி செய்வார். அதனால் என் சந்தேகத்தை நானே நம்பவில்லை. வாயைத் திறந்தால் ஜெயன் டாக்டரைக் கொன்றுவிடுவான். திறக்காவிட்டால்? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். “ஆண்டவரே, இது என் வழக்கமான பயமா, நீர் தருகிற பயமா? எனக்குத் தெரியவில்லை. வழி காட்டும்.”

குரல் எதுவும் கேட்கவில்லை. மகள் அழுதது மட்டும் கேட்டது. அவளை ஜெயன் கையில் திணித்தேன்.

“கொக்கியைக் கீழே போடு. பசியில கத்துறா. கேன்டீன்ல பால் வாங்கிக் குடு.”

“இப்பவா, அண்ணி?”

“உங்கண்ணன் பிள்ளைடா. இவளை விட அவனுங்க பெருசா?”

கொக்கி தரையில் விழுந்தது. அவன் போனான்.

“இன்னொரு தடவை பாருங்க, டாக்டர். கழுத்தைப் பாருங்க.”

டாக்டர் முதலில் கதவைப் பார்த்தார். பிறகு கழுத்தை. முகம் மாறியது. கருவியை மறுபடி நெஞ்சில் வைத்தார். இந்தத் தடவை பொத்தானை அழுத்தவில்லை. தன் கண்ணால் திரையைப் பார்த்தார்.

“என்டெ தெய்வமே!”

இதயத்தைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. உள்ளே கசிந்த ரத்தம் இதயத்தை மூடிய உறைக்குள் தேங்கி, அதை வெளியிலிருந்து நெரித்துக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர்கள் ஓடிவந்தார்கள். நீள ஊசி நெஞ்செலும்புக்குக் கீழே இறங்கியது. கறுத்த ரத்தம் குழாயில் ஏறியது. என் கணவர் முழு மூச்சு இழுத்தார். அன்றே ஆபரேஷன் செய்து இதயத்தின் கிழிசலைத் தைத்தார்கள்.

“மெஷின் பொய் சொல்லலை சேச்சி” என்றார் அந்த இளம் டாக்டர். “எவ்வளவு பம்ப் பண்ணுதுன்னு கேட்டேன், சொல்லுச்சு. அடிக்குப் பயந்து அந்த நம்பரையே பிடிச்சுக்கிட்டேன். சுத்திலும் பார்க்கலை.”

ஜெயன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மகள் அவன் தோளில் தூங்கிவிட்டிருந்தாள். அவளை என்னிடம் தந்துவிட்டு, டாக்டரின் கசங்கிய காலரை இரண்டு கையாலும் நீவிவிட்டான். பழிவாங்கவும் அவன் போகவில்லை. வழக்கைப் போலீஸ் பார்த்துக்கொள்கிறது.

அன்று ஆண்டவர் என் பயத்தை எடுத்துப்போடவில்லை. அதைப் பேச வைத்தார். அவருக்கே ஸ்தோத்திரம். பயந்த மனதோடு இதை வாசிக்கிற சகோதரியே, அதை வெட்கப்பட்டு விழுங்காதே. அப்படியே அவரிடம் கொண்டுபோ. என் ஜெபத்தைக் கேட்டவர் உன் ஜெபத்தையும் கேட்பார்.

இப்போதும் நான் காஸைப் பார்க்கப் பாதிப் படியிலிருந்து திரும்புகிறேன். கணவர் கேலி செய்வதில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு கீழே காத்து நிற்கிறார்.