மேனேஜர் வீட்டுச் சுவரில் ஏழு கண்ணாடித் துண்டுகள்

"இந்த வீடு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இடித்துவிடுவதே பாதுகாப்பு." இப்படி எழுதி, கீழே என் இஞ்சினியர் முத்திரையையும் குத்தியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மழுப்பத் தோன்றக் கூடாது பாருங்கள்.

அந்த வீட்டுக்கு, பே ஏரியாவில் லிவர்மோரில் இருக்கும் என் வீட்டிலிருந்து மலைப்பாதையில் முக்கால் மணி நேர டிரைவ். நூறு வருடங்களுக்கும் முன்னால் அங்கே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. வேலைக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வளைந்த தெருக்கள், வீட்டுக்கு வீடு தோட்டம், பூச்செடி வேலி என்று கம்பெனி அவர்களுக்கு ஒரு குடியிருப்பே கட்டிக் கொடுத்தது. தெருக்கள் முடியும் மேட்டில் சுரங்க மேனேஜரின் இரண்டு மாடிச் செங்கல் வீடு. சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. மேனேஜர் வீட்டை மட்டும் க்வென் என்ற பெண்மணி மியூசியமாக நடத்தி வந்தார். அவருடைய தாத்தா அந்தச் சுரங்கத்தில் கரி வெட்டியவர்.

வீட்டுச் சுவரெல்லாம் விரிசல். சிட்டி நிர்வாகம் எங்கள் இஞ்சினியரிங் கம்பெனியிடம் கேட்டது ஒரே கேள்வி: கீழே இருக்கும் பழைய சுரங்கத்தால் வீடு இன்னும் இறங்குகிறதா? இல்லை என்றால் இரும்புச் சட்டம் கொடுத்து நிலநடுக்கத்தைத் தாங்கும்படி செய்யலாம். ஆமாம் என்றால் இடிப்பு.

லேசர் ஸ்கேனரைக் கொண்டுபோய் இரண்டே நாளில் அளந்தோம். வடக்கு மூலை இரண்டரை அங்குலம் தாழ்ந்திருந்தது. அளவில் பிழை இல்லை. அந்த இரண்டரை அங்குலம் எந்தக் காலத்தில் நடந்தது என்று யோசிக்காமல் விட்டதுதான் பிழை. கையில் விலை உயர்ந்த கருவி இருந்தால் மூளைக்கு லீவு கொடுத்துவிடுகிறோம்.

வால்பேப்பருக்குப் பின்னால்

ரிப்போர்ட்டைப் படித்த க்வென் சண்டை போடவில்லை. இடிப்பதற்கு முன் சாப்பாட்டு அறையின் பழைய வால்பேப்பரை மட்டும் கிழியாமல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை நானே போனேன்.

ஆவி காட்டிக் காட்டிக் காகிதத்தை உரித்தோம். உள்ளே, விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. இரண்டு முனையையும் சாந்து வைத்துப் பதித்திருந்தார்கள். பக்கத்தில் பென்சிலில் ஒரு தேதி. என் அப்பா பிறப்பதற்கும் முந்தைய தேதி.

கட்டிடக்காரர்களின் பழைய முறை அது. கண்ணாடி வளையாது, நீளாது. விரிசல் ஒரு மயிரிழை விரிந்தாலும் உடைந்துவிடும். இது உடையவே இல்லை. அப்படியென்றால் இந்தச் சுவர் இறங்கியது அந்தத் தேதிக்கும் முன்னால். இடையில் எத்தனை நிலநடுக்கம் வந்து போயிருக்கிறது!

கையெழுத்து மேனேஜருடையது என்று க்வென் சொன்னார். மியூசியத்தில் அவருடைய டைரி இருக்கிறது. கீழே தோண்டச் சொன்னவரே மேலே குடியிருந்தார். கவலை இருக்காதா? சாயங்காலத்துக்குள் ஏழு துண்டுகளைக் கண்டுபிடித்தோம். ஆறு முழுசு. சிம்னியை ஒட்டியிருந்த ஒன்று மட்டும் இரண்டாக உடைந்திருந்தது.

அங்கிருந்தே சான் ஹோசேவுக்கு, என் பாஸ் ரஃபீக் சாருக்கு போன் போட்டேன்.

"சார், மேனேஜர் வீடு ரிப்போர்ட் தப்பு. வாபஸ் வாங்கணும்."

"எது தப்பு? ஸ்கேனா?"

"ஸ்கேன் சரி சார். நான் எழுதின முடிவு தப்பு." கண்ணாடி விஷயத்தைச் சொன்னேன்.

"ஸ்டெல்லா, ஸ்டாம்ப் போட்டு சப்மிட் பண்ணியாச்சு. இப்போ வாபஸ் வாங்கினா அப்புறம் எவன் நம்மள கூப்பிடுவான்?"

"கூப்பிடாம போகட்டும் சார். நல்லா நிக்கிற வீட்ட இடிக்கச் சொல்லிட்டேன். என்னால சும்மா இருக்க முடியாது."

"பழைய கண்ணாடிய நம்பி சிட்டி முன்னாடி போய் நிக்க முடியாதுங்க."

"கண்ணாடிய மட்டும் நம்ப வேணாம். நாமளும் விரிசல் விரியுதான்னு அளக்கிற கேஜ் ஒட்டி ஒரு மழைக்காலம் பார்ப்போம்."

அந்தப் பக்கம் அவர் ரிப்போர்ட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, லெட்டர் டிராஃப்ட் பண்ணுங்க. கீழ என் கையெழுத்தும் இருக்கட்டும். அந்த ரிப்போர்ட்ட ரிவ்யூ பண்ணவன் நான்தானே."

கோபக்காரர்தான். ஆனால் அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஹியரிங்

ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலையேறி கேஜ் பார்த்தேன். மழை கொட்டியும் சுவர்கள் அசையவில்லை. சிம்னி மட்டும் அசைந்தது. அதைப் பிரித்துக் கட்டினால் போதும்.

சிட்டி ஹியரிங்கில் ஒரு கவுன்சில் மெம்பர் இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் தூக்கிக் காட்டினார். இரண்டிலும் உங்கள் முத்திரைதான் இருக்கிறது, நாங்கள் எதை நம்புவது என்று கேட்டார். ஹாலில் சிலர் சிரித்தார்கள்.

"இரண்டாவதை. முதலாவதில் இருக்கும் தப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடையது" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இடிக்க வேண்டாம் என்று ஒருமனதாக ஓட்டுப் போட்டார்கள். க்வென் என் கையைப் பிடித்தவர் பார்க்கிங் லாட் வரை விடவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். விரிசலைப் பார்த்தால் அகலத்தை அளப்பதோடு நிற்காதீர்கள், அதன் வயதையும் விசாரியுங்கள். முடிவு தப்பு என்று தெரிந்தால், அடுத்தவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் டிசைன் பண்ணிய கட்டிடங்கள் பே ஏரியாவில் நிறையவே நிற்கின்றன. என் பெயரைச் சொல்ல ஒன்றைக் காட்டு என்றால், நான் இடிக்கச் சொன்ன இந்த வீட்டைத்தான் காட்டுவேன்.