எட்டு யார்ப் பாவாடை

அருளம்பலம் கனடாவுக்கு வந்து பதினாலு மாதத்தில் புதிதாக வாங்கிய முதல் உடுப்பு ஒரு பாவாடை.

மற்றதெல்லாம் பழசு. குளிர்கோட்டுக்கூடப் பழைய உடுப்புக் கடையில் எடுத்தது. கொலருக்குள்ளே முந்தின சொந்தக்காரனின் பேர் நூலால் தைத்திருந்தபடியால், பதினாலு மாதமாக அவர் 'எஸ். நோவாக்' என்ற பேரில்தான் ஸ்ரீற்கார் என்கிற தெரு ரயிலில் போய் வந்தார். அப்படிப்பட்ட சிக்கனக்காரர் 1973ஆம் ஆண்டு ஒக்ரோபரில், நல்ல பகல் வெளிச்சத்தில், ஒரு சொட்டும் குடிக்காமல், தன் சொந்தக் காலால் நடந்து போய் ஒரு பாவாடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

பாவாடை என்றால் அவருக்குக் கோபம் வரும். "கில்ற்" என்று திருத்துவார். "ஸ்கொட்லாந்து ஆம்பிளையள் சண்டைக்குப் போகேக்கை போட்டது" என்பார். இருக்கட்டும். கட்டம் போட்டது, சுற்றிவர மடிப்பு வைத்தது, முழங்காலோடு நின்றுவிடுவது. பள்ளிக்கூடப் பெட்டைகள் போடுவதற்கும் இதற்கும் உள்ள ஒரே வித்தியாசம், இதைப் போட்டவருக்கு மீசை இருந்தது.

கொழும்பில் அருளம்பலம் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவர். ஒரு மலையைத் தாளில் கையெடுக்காமல் கீறி முடிப்பார். ரொறன்ரோவில் கடித உறை செய்யும் ஃபக்ரரியில் பசை மெசினுக்குக் காவல் நின்றார். மலை கீறுவதற்குக் கனேடிய அனுபவம் இல்லையாம். பசைக்கு அனுபவம் தேவையில்லை, அது தானாகவே ஒட்டும்.

இருந்தது பேப் அவெனியூவில் ஒரு மாடி அறை. அது கிடைத்த கதை பெரிய கதை. பதினாலு வீட்டுக்கு ரெலிபோன் பண்ணினார். பதினாலு வீட்டிலும் அறை இருந்தது. நேரில் போய்க் கதவைத் தட்டி முகத்தைக் காட்டியதும் பதினாலு அறையும் போய்விட்டன. 'இந்த ஊரில் அறைகளுக்குக் கால் இருக்கு' என்று மனுசி பவளராணிக்குக் கடிதம் எழுதினார். பதினைந்தாவது வீடு மிஸிஸ் மக்ரேயுடையது. ஸ்கொட்லாந்துக் கிழவி, புருசன் இல்லை. அவ இவரை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, "சிங்கிள்?" என்று கேட்டா. எத்தனை கட்டில் வேண்டும் என்று கேட்கிறா என்று விளங்கிக்கொண்டு, "ஓம் ஓம், சிங்கிள் காணும்" என்றார் அருளம்பலம். அந்தப் பதிலில் அவவுக்கு ஏதோ ஒரு நல்ல குணம் தெரிந்திருக்க வேண்டும். அறைத் திறப்பைத் தந்துவிட்டா.

குசினிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்த பிறகுதான் அவருக்கு விசயம் விளங்கியது. கலியாணம் கட்டாத ஆண்கள் மட்டும். பொரியல் கூடாது. மணக்கிற சமையல் கூடாது. பெண்கள் தங்கக் கூடாது. கலியாணம் கட்டி இருபத்தொரு நாளில் பிளேன் ஏறிய மனுசன் அந்தத் தாளுக்குக் கீழே நின்று பாண் தின்றார்.

செப்ரெம்பரில் பவளராணிக்கு விசா வந்துவிட்டது. மார்ச்சில் வருகிறா. இனிக் கிழவியிடம் சொல்லத்தான் வேண்டும். வேண்டாம் என்று அவ சொன்னால் திரும்பவும் பதினாலு கதவு. இந்த முறை பெட்டியும் மனுசியுமாக, பனிக்குள்ளே. ஒவ்வொரு பின்னேரமும் அருளம்பலம், 'மிஸிஸ் மக்ரே, எனக்கு ஒரு மனுசி இருக்கிறா' என்ற வசனத்தை இங்கிலீஸில் பாடமாக்கிக்கொண்டு படி இறங்குவார். கடைசிப் படியில் அது, 'மிஸிஸ் மக்ரே, இண்டைக்கு நல்ல குளிர்' என்று மாறிவிடும். கிழவியும், "ஓம், குளிர்தான்" என்பா. குளிர்க் கதை ஜூலையிலேயே பழகிய பழக்கம். ஜூலையிலும் குளிர்தான்.

அப்படி ஒருநாள் குளிரைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்ப, மிஸிஸ் மக்ரே மறித்தா.

"மிஸ்டர் ஆரல், உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும்."

அருளம்பலத்தை முதல் நாளே ஆரலாக வெட்டிவிட்டா. ஆரல் என்றால் ஊரில் ஒரு மீன். திருத்தப் போனால் முழுப் பேரையும் சொல்லிக் கொடுக்க வேண்டிவரும் என்று இவரும் மீனாகவே இருந்துவிட்டார்.

"நவம்பர் முப்பது எங்கட ஸ்கொட்லாந்துத் திருநாள், சென் அன்ட்றூ நாள். சேர்ச் மண்டபத்திலை சாப்பாடு. என்ரை மனுசன் ஹெக்டர் போய் ரண்டு வருசம், நானும் அங்கை போகேல்லை. எல்லாரும் சோடி சோடியா இருக்க, தனிய இருந்து சூப் குடிக்க ஏலாது. நீங்கள் பக்கத்திலை இருந்தால் காணும். கதைக்கத் தேவையில்லை."

"வாறன், மிஸிஸ் மக்ரே."

"கில்ற் போட வேணும்."

"அதுக்கென்ன, போடுறன்" என்றார் அருளம்பலம். அது ஒரு வகைத் தொப்பி என்று நினைத்துக்கொண்டு.

அடுத்த தெருவில் மோகனசுந்தரம் என்று மாயவரத்துப் பொடியன் ஒருவர் இருந்தார். யூனிவர்சிற்றியில் படிக்க வந்தவர், மூன்று சுவெற்றர் இல்லாமல் ஜன்னலைக்கூடத் திறக்காதவர். அவர்தான் உண்மையை உடைத்தார்.

"சார், அது தொப்பி இல்ல சார். பாவாடை."

"சும்மா பகிடி விடாதையும்."

"அட, சத்தியமா சார். அந்த அம்மாவோட புருசன் போட்டது வீட்ல இருக்கும்ல? அதைக் கேளுங்களேன்."

இருந்தது. கீழ் அலுமாரியில் தொங்கியதை அருளம்பலம் ஒருநாள் கண்டிருந்தார். அந்தக் கதவு திறந்து கிடந்தால் கிழவி ஓடிவந்து சாத்துவா. ஆறடி மூன்றங்குல மனுசனின் உடுப்பு தனக்கு நிலத்தில் இழுபடும் என்று மோகனசுந்தரத்துக்குக் காரணம் சொன்னார் அருளம்பலம். கேட்காததன் காரணம் அது இல்லை.

வரமாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதோடு அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். கிழவி சந்தோசமாகச் சாப்பிட்டுவிட்டு ஸ்ரீற்காரில் திரும்பி வரும்போது சொல்லலாம். சேர்ச் இருக்கும் ஜெராட் ஸ்ரீற்றிலிருந்து வீடு வர இருபது நிமிசம். ஒரு மனுசியைப் பற்றிச் சொல்ல இருபது நிமிசம் காணும்.

அளவு கொடுக்க மோகனசுந்தரத்தையும் கூட்டிக்கொண்டு போனார். கில்ற் தைக்கும் கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவைச் சால்வை மாதிரிப் போட்டிருந்தார். மேசையில் பைபிள் தடிப்பில் ஒரு புத்தகம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்:

"உங்கட குலம் என்ன?"

அருளம்பலத்துக்குக் காது சூடாகிவிட்டது. எண்ணாயிரம் மைல் பறந்து வந்திருக்கிறார். ஊரில்கூட ஒருவரும் இப்படிப் பச்சையாகக் கேட்பதில்லை. 'நீங்கள் ஆற்றை ஆக்கள்? கோயிலுக்கு எந்தப் பக்கம்?' என்று தேத்தண்ணி தந்து, சுற்றி வளைத்து, மரியாதையாகத்தான் கேட்பார்கள். இந்த ஆள் புத்தகமே வைத்திருக்கிறார்!

"எதுக்குக் கேக்கிறியள்?" என்றார், கொஞ்சம் காரமாக.

"ஒவ்வொரு குலத்துக்கும் ஒவ்வொரு கட்டம் இருக்கு. ஒருதற்றை துணியை மற்றவை போட்டால் கோவிப்பினம்."

எந்த ஆட்கள் எந்தத் துணி உடுக்கலாம் என்று சட்டம் பேசும் ஊர் தன்னுடையது மட்டும்தான் என்று அருளம்பலம் இவ்வளவு நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த வெட்கம் பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதிக்கு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"குலம் இல்லாத ஆக்கள் என்ன போடுறது?"

கடைக்காரர் ஒரு துணியை எடுத்து மேசையில் விரித்தார். கடும் பச்சையும் கடும் நீலமுமாகக் கட்டம். "இதை ஆரும் போடலாம். ஒருதரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

"அப்ப அதைத் தாங்கோ" என்றார் அருளம்பலம். வேறு துணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், இதே டிசைன்ல எங்க ஊர்ல கைலி கிடைக்கும்" என்று காதுக்குள் சொன்னார் மோகனசுந்தரம். "எங்க அப்பா தூங்குறப்போ கட்டுவாரு." அருளம்பலமும் இரவில் அதே கட்டத்தில் ஒரு சாரம்தான் கட்டிப் படுக்கிறவர். சொல்லவில்லை.

"எட்டு யார் போகும்" என்றார் கடைக்காரர்.

"எட்டு யாரா? என் மனுசியின்ரை சீலையே ஆறு யார்தான். அது உச்சியிலிருந்து உள்ளங்கால் மட்டும் மூடும். இது முழங்காலையும் மூடாதே!"

"மிச்சமெல்லாம் பின்னாலை மடிப்பிலை போகும், ஐயா."

பின்னாலை என்ற சொல் அருளம்பலத்தின் காதில் விழவில்லை. ஏனென்றால் அந்த நேரம் கடைக்காரர் விலையைச் சொன்னார். மோகனசுந்தரம் தொப்பென்று கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு கடைக்காரர் முழங்காலில் நிற்கச் சொன்னார். முழங்காலில் நின்றால் கில்றின் கரை நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்து நின்ற பிறகு அருளம்பலம் முழங்காலில் நின்றது அன்றைக்குத்தான். அப்படி நின்றபடியே, குரலைத் தாழ்த்தி ஒரு சந்தேகம் கேட்டார்.

"இதுக்கு உள்ளுக்கு என்ன போடுறது?"

"ஒண்டுமில்லை."

கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று இன்னொரு தரம் கேட்டார்.

"ஒண்டுமில்லை, ஐயா."

"நவம்பர்லயா?" என்றார் மோகனசுந்தரம் கதிரையிலிருந்து.

ஆறு கிழமை கழித்துச் சாமானைக் கையில் தரும்போது, உடுக்கும் விதம் காட்டட்டுமா என்று கேட்டார் கடைக்காரர். அருளம்பலம் சிரித்தார். வேட்டியும் சாரமும் கட்டி வளர்ந்த மனுசனுக்குத் துணி சுற்றப் படிப்பிக்கப் போகிறாராம், ஒரு காற்சட்டை போட்ட கிழவர்!

முப்பதாம் திகதி பின்னேரம் அறைக் கதவைப் பூட்டிவிட்டு அவரும் மோகனசுந்தரமும் கில்றோடு மல்லுக்கட்டினார்கள். முதலில் கம்பளி நீளக் காற்சட்டை. 'ஒண்டுமில்லை' என்ற சட்டத்தை அருளம்பலம் அந்த இடத்திலேயே தள்ளிவிட்டார். அதற்கு மேல் கில்ற். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் முழுக்க மடிப்பு. எது முன்னுக்கு?

"இதிலை என்ன யோசனை?" என்றார் அருளம்பலம். "சீலைக்குக் கொய்யகம் முன்னுக்கு. வேட்டிக்கும் கொய்யகம் முன்னுக்கு. மடிப்புத்தானே அழகு? காசு குடுத்து வாங்கின அழகை முதுகுக்குப் பின்னாலை ஆர் கொண்டு திரிவான்?"

"கரெக்ட் சார். எங்க ஊர்லயும் கொசுவம் முன்னாலதான்" என்றார் மோகனசுந்தரம். இரண்டு ஊரும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அது பிழையாகவும் போனது.

பெல்ற் கொக்கிகள் எல்லாம் எட்டாத இடத்தில் இருந்தன. ஸ்கொட்லாந்துக்காரருக்குக் கை நீளமாக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இழுத்துப் பூட்டினார்கள். மேலே எஸ். நோவாக்கின் கோட்டு கணுக்கால் வரைக்கும் மூடியது. கீழே காத்திருந்த மிஸிஸ் மக்ரே கோட்டைத்தான் கண்டா. "நல்லாயிருக்கு, மிஸ்டர் ஆரல்" என்றா. அவவும் தோளில் கட்டம் போட்ட சால்வை குத்தியிருந்தா. அந்த ஊசி இரண்டு தரம் கழன்றது. அருளம்பலம் இரண்டு தரமும் குளிரைப் பற்றிச் சொன்னார்.

மண்டபத்தில் அவர் கோட்டைக் கழற்றியதும் பக்கத்து மேசையில் கரண்டிகள் நின்றன. பிறகு அடுத்த மேசையில். ஆரோ ஒரு மனுசி வாயைக் கைலேஞ்சியால் பொத்தினா. தன்னுடைய நிறத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, அருளம்பலம் நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். நெஞ்சோடு கொய்யகமும் நிமிர்ந்தது.

மிஸிஸ் மக்ரே கிட்ட வந்தா. அவரைக் கையில் பிடித்துக் கோட்டுகள் தொங்கும் சின்ன அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா.

"மடிப்புப் பின்னுக்கு" என்றா. "கையைத் தூக்குங்கோ."

தூக்கினார். அவ மூட்டு நோகக் குந்தி, மூன்று கொக்கியையும் பார்க்காமலே கழற்றினா. "முப்பத்தொரு வருசம் ஹெக்டருக்கு நான்தான் கட்டிவிட்டனான். கடைசிமட்டும் அந்த மனுசனுக்கும் இது தெரியாது" என்றா. பிறகு குந்தியபடியே துணியைக் கையில் எடுத்தா. மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் நீவினா. நீவி முடிந்ததையே திரும்பவும் நீவினா.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அருளம்பலத்துக்குத் தோன்றியது. உள்ளே குளிர் இல்லை. ஆகவே அதைச் சொல்ல முடியாது. கையிருப்பில் இருந்த மற்ற வசனம் ஒன்றே ஒன்றுதான். கம்பளிக் காற்சட்டையோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஒரு கிழவி தன் கில்றைக் கழற்றிப் பிடித்திருக்கும் அந்த நல்ல நேரம் பார்த்து அவர் சொன்னார்:

"மிஸிஸ் மக்ரே, நான் சிங்கிள் இல்லை. எனக்கு ஒரு மனுசி இருக்கிறா."

"தெரியும்" என்றா கிழவி. "மாசம் நாலு நீலக் கடிதம் வருது. அவ்வளவு பவுடர் மணக்கத் தாய் எழுத மாட்டா."

"மார்ச்சிலை வாறா."

கில்ற் இடுப்பைச் சுற்றி வந்தது, இந்த முறை சரியான பக்கமாக.

"சமைப்பாவோ?"

"ஓம்."

"பொரிப்பாவோ?"

பொய் சொல்லலாம் என்று அருளம்பலம் ஒரு கணம் யோசித்தார். "...ஓம்."

மிஸிஸ் மக்ரே கடைசிக் கொக்கியை இழுத்த இழுப்பில் அவருக்கு மூச்சு நின்றது. அவ சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டா.

"இதைக் கட்டிவிட அவவுக்குப் படிப்பிக்க வேணும்" என்றா, வலு கோபமாக. "அடுத்த வருசம் என்ரை முழங்கால் இப்பிடிக் குந்த விடாது."

அருளம்பலத்துக்கு அது விளங்க, கதவைத் திறந்து மண்டபத்தின் பாதித் தூரம் நடக்க வேண்டியிருந்தது. விளங்கிய இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த கிழவி அவரில் முட்டினா.

"நடவுங்கோ, மிஸ்டர் ஆரல். சூப் ஆறுது."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஆட்டின் வயிற்றுக்குள் எதையோ அடைத்து அவித்த சாமானைத் தட்டில் வைத்தார்கள். பிறந்த நாள் தொட்டு வெள்ளியில் மச்ச மாமிசம் தொடாத அருளம்பலம், ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலமை நீலக் கடிதம் எடுத்து எழுதினார்: 'அன்பின் பவளம், இருக்க இடம் சரி. மிளகாய்த்தூள் நிறையக் கொண்டு வாரும். பொரிக்கலாம். கொய்யகத்தைப் பின்னுக்கு வைக்கவும் கொஞ்சம் பழகிக்கொண்டு வாரும். ஏன் எண்டு வந்தாப் பிறகு சொல்லுறன்.'