பதினேழு சுழிகள்

அந்தக் கடல் படத்தில் ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டடிக்கு மூன்றடி, நான்கு வண்ணம், மேலும் கீழும் தகரப் பட்டை. வங்கக் கடலும் அரபிக் கடலும் வெளிர் நீலத்தில் கிடக்க, நீரோட்டங்கள் கறுப்பு அம்புகளாக வழுவழுவென்று ஓடுகின்றன. ஓர் அம்பும் எங்கும் வளைந்து தடுமாறவில்லை. அறியாதவர்கள் அழகான படம் என்பார்கள். அச்சடித்த ஐந்நூற்றில் திருத்தப்படாமல் மிஞ்சியது இது ஒன்றுதான். மாதிரிப் பிரதி என்ற பெயரில் என் மேசை இழுப்பறைக்குள் கிடந்ததால் தப்பியது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் சரிபார்ப்பாளராக இருந்தேன். காலண்டர், பட்டாசு லேபிள், பள்ளிக்கூடப் படம் எதுவானாலும் இயந்திரத்தில் ஏறும் முன் என் லென்ஸுக்குக் கீழே வந்தாக வேண்டும். எங்களுக்குப் பெரிய பகை தூசி. ஒரு துகள் விழுந்தாலும் படத்தில் சின்ன வளையமாகத் தெரியும். காலண்டர் லட்சுமியின் கன்னத்தில் அப்படி ஒன்று விழுந்தால் மொத்த ஆர்டரும் திரும்பி வந்துவிடும். வளையங்களை எண்ணிச் சொல்வது என் வேலை. பிலிமில் அவற்றைத் தூரிகையால் சிவப்பு மை வைத்து அடைப்பது, தாயில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஓர் அம்மாளின் வேலை. டச்சிங் அம்மா என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டோம். எதை அடைப்பதானாலும் நான் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது அச்சகத்தின் விதி. அந்த விதியை வகுத்தவனும் நானே.

கடல் படத்தைக் கொண்டுவந்தவர் கடற்கரை ஊர்க் கல்லூரி ஒன்றின் பேராசிரியர். மீனவக் கிராமப் பள்ளிகளுக்குத் தன் கைப்பட வரைந்திருந்தார். மூல வரைபடத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டவன் நான். நான்கு நாள் கழித்து, நீர்ச்சுழிகளை மட்டும் வரைந்த கண்ணாடித் தாள் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார். அன்று நான் காரியாபட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். தாளை வாங்கி வைத்தவர் டச்சிங் அம்மா. மறுநாள் சோதனைப் பிரதியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடல் முழுக்க வளையங்கள். இரண்டு முறை எண்ணினேன். பதினேழு.

“அது தூசி இல்ல அண்ணாச்சி, சுழி. ஐயா நேத்து இன்னொரு தாள் குடுத்துட்டுப் போனாக” என்றார் அவர்.

“நான் கையெழுத்துப் போட்ட தாள்ல இதெல்லாம் இல்லையே.”

“நீங்க கல்யாணச் சோறு திங்கப் போயிட்டீக. நீங்க வர்ற வரைக்கும் கடல் சுத்தாம இருக்குமா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பைண்டிங் ஆட்கள் மூன்று பேர், மிஷின்காரர் ஒருவர். அந்த நான்கு பேர் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. அவர் விடவில்லை. கட்டுப் போடும் சணலை எடுத்து மேசைமேல் நீளமாக இட்டு, பேராசிரியர் செய்ததைப் போலவே விரலால் நெளித்துக் காட்டினார். “இதுதான் ஓட்டமாம். போகப் போக வளையுது. ரொம்ப வளைஞ்சா அந்த வளைவு இப்பிடி அறுந்து தனியாச் சுத்த ஆரம்பிச்சிரும். நம்ம பக்கத்துக் கடல்ல இடஞ்சுழியாச் சுத்தினா அடியில கெடக்கிற குளுந்த தண்ணி மேல வரும். அதுல இரை இருக்கு, மீனு கூடும். வலஞ்சுழியாச் சுத்தினா வெதுவெதுன்னு மேல்தண்ணி ஆழத்துக்கு எறங்கி நிக்கும். புயலு அது மேல போனா அம்புட்டு வேகம் எடுக்குமாம்.”

ஒரே நாளில், ஒரே தடவை கேட்டு, அவருக்கு அவ்வளவும் பிடிபட்டிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. கண்ணாடித் தாள் அவர் மேசையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க ஐந்து எட்டு எடுத்து வைத்தால் போதும். “பாடம் நடத்தினது போதும். பதினேழு இருக்கு, பதினேழையும் அடை” என்றேன். சீட்டு கேட்டார். “ஏன், என் வாய்ச்சொல் போதாதா?” என்றேன்.

அவர் அடைத்தார், ஐந்நூறும் அச்சாயின. வாங்க வந்து, படக் கட்டைப் பிரித்துப் பார்த்த பேராசிரியர் சத்தம் போடவில்லை. “சுழிய எல்லாம் எடுத்துட்டா மீனு எங்கன கூடும்னு பிள்ளைகளுக்கு எதைக் காட்டுறது?” என்று மட்டும் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். “டச்சிங்ல அடைச்சிருக்காங்க, முதலாளி” என்றேன். ஆறு ஆண்டுகள் என் பக்கத்தில் வேலை பார்த்தவரை மூன்று சொற்களில் முடித்துவிட்டேன். அந்த மூன்றிலும் பொய் கிடையாது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

டச்சிங் அம்மாவைக் கூப்பிட்டார்கள். “கடலைத் துடைக்கச் சொல்லி ஒனக்கு யாரும்மா சொன்னது?” என்று முதலாளி கேட்டார்.

“சொன்னவுக சொல்லட்டும், முதலாளி.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றார். நான் குனிந்து, கட்டுக்குள் எத்தனை படம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறக்க ஒரு வாரமே இருந்தது. மறுபடி அச்சடிக்க நேரமில்லை. பேராசிரியரும் டச்சிங் அம்மாவும் பைண்டிங் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, இரண்டு நாள் பேனாவால் ஒவ்வொரு படத்திலும் சுழிகளை வரைந்தார்கள். குளிர்ந்தது நீலம், வெதுவெதுப்பானது சிவப்பு. நானூற்றுத் தொண்ணூற்றொன்பது படம், எண்ணாயிரத்து நானூற்று எண்பத்துமூன்று சுழி. அடுத்த அறையில் இருந்து நான் கணக்குப் போட்டேனே தவிர, ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு போய் உட்காரவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மாள் வரவில்லை. வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். பிறகு தாயில்பட்டியிலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

முதலாளி காலமானபின் அவர் மகன் நிர்வாகத்துக்கு வந்தார். ஆயுதபூஜைக்குப் பழைய ஆட்களை அழைத்துச் சாப்பாடு போடுவார். கடலைத் துடைத்த டச்சிங் அம்மா கதையை வருஷம் தவறாமல் சொல்வார். பதினோரு முறை கேட்டிருக்கிறேன், பதினோரு முறையும் சிரித்திருக்கிறேன்.

இந்த ஆண்டு ஒருநாள் தொலைக்காட்சியில், வெதுவெதுப்பான ஒரு சுழியைத் தாண்டும்போது புயல் வலுத்ததாகச் சொன்னார்கள். மறுநாள் காலை பஸ் ஏறித் தாயில்பட்டிக்குப் போனேன். அவர் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் தடித்துப் போயிருந்தன. “வாங்க அண்ணாச்சி, எளைச்சுப் போயிட்டீக” என்றார். உட்கார்ந்ததும், “அன்னைக்கு அடைக்கச் சொன்னது நான்தான்” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதா? எங்காதுலதான சொன்னீக.” வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எம் பேரன் அந்த அச்சாபீஸுக்கு வேலை கேட்டுப் போனான். கடலைத் துடைச்சவ பேரனான்னு சிரிச்சிருக்காக. தெரியாதவுக அங்கனதான் இருக்காக. அங்கன போய்ச் சொல்லுங்க.”

ஆயுதபூஜையன்று போனேன். முதலாளி மகன் கதையை முடித்ததும் எழுந்து நின்றேன். “அந்தம்மா மேல தப்பில்ல. அடைக்கச் சொன்னது நான்” என்றேன். மகன் என் தோளில் கை போட்டு, “பாத்தீகளா? இந்த வயசிலயும் தங்கூட வேலை பாத்தவுகள விட்டுக் குடுக்க மாட்டேங்கிறாரு” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நாற்பத்தொரு பேர். ஒருவர் சால்வை போர்த்தினார். மறுத்துப் பேச வாயெடுத்தேன். சால்வையோடு உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மாள் கேட்ட சீட்டு இது. பதினேழையும் அடைக்கச் சொன்னவன் நான்.