கத்தி தொட்ட நெகட்டிவ்

1. திங்கட்கிழமை காட்டிய படம்

பழுகாமத்திலிருந்து வந்த பெண் படத்தை மேசையில் வைத்தாள்.

"அண்ணன், இது என்ட தம்பி இல்லையாம்."

தம்பி, ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டவன். அடையாள அட்டையும் அவனோடு போய்விட்டது. வீட்டில் மிஞ்சியது, அவன் சிநேகிதர்களோடு பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போனபோது நான் எடுத்த படம் ஒன்றுதான். முதல் நாள், திங்கட்கிழமை, அதை ஆமிக் காம்பு வாசலில் கொடுத்திருக்கிறாள். தமிழ் தெரிந்த சிப்பாய் உள்ளே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, இப்படி ஒருவன் இங்கே இல்லை என்று திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

சிப்பாயில் பிழையில்லை. மட்டக்களப்பு நகரில் ஒரு ஸ்டூடியோவில் படமெடுப்பதோடு, முகத்துக் குறைகளை அழிக்கும் ரீடச்சரும் நான்தான். பூங்காவில் நின்ற எட்டுப் பேரையும் ஒரே மாவில் பிழிந்த இடியப்பமாக்கி, அதற்குப் பாராட்டும் வாங்கியவன்.

"மச்சம் எங்க? அம்மைத் தழும்பு எங்க? புருவத்தில வெட்டுக்காயம் இரிந்ததே, அது எங்க?"

"அவன்தான் தங்கச்சி அதெல்லாத்தையும் அழிக்கச் சொன்னான்."

"அது பொம்பிள வீட்டாருக்குக் காட்டக் கேட்டது. இப்ப காட்டுறது ஆமிக்காரனுக்கு."

2. பென்சிலும் கத்தியும்

படத்தில் கறுப்பாக விழும் மச்சமும் தழும்பும் நெகட்டிவில் வெளிறியிருக்கும். அங்கே வார்னிஷ் பூசிப் பென்சிலால் நிரப்புவோம். வெளுப்பாக விழும் காயம் நெகட்டிவில் கறுப்பு. அதைக் கத்தியால் சுரண்டுவோம். பென்சிலை டர்ப்பன்டைனால் துடைக்கலாம். சுரண்டியது சுரண்டியதுதான்.

நெகட்டிவைத் தேடியெடுத்துத் துடைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அழகாக்கத்தான்டா உனக்குச் சம்பளம். பழசாக்க இல்ல."

அன்று கரண்ட் இல்லை; புதன்கிழமைதான் வந்தது. முகத்தை மட்டும் பெரிதாக்கி, கறுப்பும் வெளுப்பும் பிரிந்து தெரியும் பேப்பரில் பிரிண்ட் போட்டேன். மச்சமும் தழும்பும் வந்தன. புருவம் முழுசாகவே நின்றது.

வியாழக்கிழமை அவள் வந்து பார்த்தாள். "காயத்தையும் கீறி விடுங்க அண்ணன்."

"கீறினது தெரிஞ்சா முழுப் படமும் பொய் எண்டுவான்."

அவள் படத்தில் புருவத்தை விரலால் மறைத்துப் பார்த்தாள். "ஓம், இது அவன்தான்" என்று எடுத்துக்கொண்டு போனாள்.

3. வெள்ளிக்கிழமைப் பதில்

மறுநாள் காம்பிலிருந்து நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

"மச்சத்தப் பாத்ததும் அதே ஆமிக்காரன் ஆளக் கண்டுட்டான் அண்ணன். 'இவனா? செவ்வாய்க்கிழமை வரைக்கும் இஞ்சதான் இரிந்தான். இப்ப வேற இடத்துக்கு அனுப்பியாச்சு' எண்டான்."

"எந்த இடமாம்?"

"அது அவனுக்குத் தெரியாதாம்."

திங்கட்கிழமை அவன் உள்ளேதான் இருந்திருக்கிறான். இல்லையென்று சொன்னது என் படம். அவள் என்னை ஏசவில்லை. இன்னும் நாலு பிரதி வேண்டுமென்றாள். அவற்றோடு அவள் ஏறாத காம்பு இல்லை. அவன் வரவே இல்லை.

அதற்குப் பிறகு நான் கத்தியைத் தொடவில்லை. பழைய சுற்றுலா நெகட்டிவ்களையெல்லாம் எடுத்து, துடைக்கக்கூடியதைத் துடைத்தேன். புதிதாக வந்த ஒவ்வொரு நெகட்டிவிலும், பென்சில் வைக்குமுன் எடுத்தபடியே ஒரு பிரிண்ட் போட்டு, பெயரெழுதி, தனி உறையில் வைத்தேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே விதி அதுதான். பேப்பர் வீண் என்று முதலாளி கத்தினார். பிறகு, பிடிபட்டவர்களைத் தேடும் சனம் வரத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அந்த உறையைத்தான் கேட்டார்கள்.