ரவுட்டருக்கு வைத்த பொட்டு

பெங்களூரு ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறோம். என் மகளுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. அரை மணி நேரம் இருக்கும்போது எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. சேலையில் இருந்த ஊக்கை எடுத்து, ரவுட்டரின் சின்ன ஓட்டையில் ஒரு குத்து குத்தினேன்.

“ஐயோ அம்மா, அது ரீசெட்! பாஸ்வேர்டு எல்லாம் அழிஞ்சிருக்கும்!”

மகள் அலறினாள். சத்தம் கேட்டு வந்த மாடிவீட்டு சாரதாம்மா, “பாம்மா, நம் வைஃபை தொகோ” என்று கன்னடத்தில் தன் வைஃபையை எடுத்துக்கொள்ளச் சொல்லி, மகளைத் தன் ஹாலில் உட்காரவைத்தார். இன்டர்வியூ நல்லபடியாக முடிந்தது.

மதியம் ரிப்பேருக்கு வந்தவர் சிரித்தார். “வெப்சைட் பேருக்கு அட்ரஸ் தேடித் தர்ற டிஎன்எஸ் மட்டும்தான் மக்கர் பண்ணியிருக்கு மேடம். செட்டிங்ஸ்ல ரெண்டு நம்பர் மாத்தியிருந்தா போதும். நீங்க குத்தினதுலதான் எல்லாம் போச்சு.”

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இன்டர்நெட் பாஸ்வேர்டை பீரோ கதவுக்குள் எழுதி ஒட்டியிருக்கிறேன். ரீசெட் ஓட்டையின் மேல் என் ஸ்டிக்கர் பொட்டுகளில் பெரியதாக ஒன்று. நெட் நின்றால் இன்னமும் கை ஊக்குக்குத்தான் போகிறது. பொட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே மாடிக்குக் குரல் கொடுக்கிறேன்.