அருள்புரத்தில் ஏழு கட்டு: ஐந்தாம் பாகத்தைத் தேடிப் போன கதை

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. 'ஏழுகாற்று நாடு' தொடரை இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். பஸ் விவரம் மட்டும் போதும் என்றால் கடைசிக்கு முந்தின பத்திக்குத் தாவிவிடுங்கள். கதையின் முடிவைச் சொல்லாமல் இந்தப் பயணத்தை எழுத இரண்டு முறை முயன்று பார்த்தேன். நான் எதற்காகத் திருப்பூர் போனேன் என்று எனக்கே விளங்காமல் போய்விட்டது.

இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களுக்கு என் இரண்டு பிடிவாதங்கள் தெரியும். மாயக்கதைத் தொடர் எதுவானாலும் முதல் பாகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைசிப் பாகத்தைப் படித்து முடிக்காமல் எந்தத் தொடரையும் யாருக்கும் சிபாரிசு செய்யக் கூடாது. இந்த இரண்டாவது பிடிவாதத்தால்தான், எனக்கு உயிரான 'ஏழுகாற்று நாடு' பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். சீழ்க்கையடித்துக் காற்றை அழைக்கும் அலரி என்ற பெண்ணின் கதை. ஐந்து பாகம். நான்கை வரிசையாகப் படித்து முடித்தேன். ஐந்தாவதை ஆசிரியரே சொந்தமாகக் கொஞ்சம் பிரதி அச்சிட்டு நிறுத்திக்கொண்டார். திருச்சி, மதுரை, சென்னை என்று எந்தப் பழைய புத்தகக் கடையிலும் அது கண்ணில் படவில்லை. அத்தனை வருடமும் முடிவு காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன். ஒரு கல்யாணத்தில் யாரோ அதைச் சொல்ல வாயெடுத்தபோது பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போயிருக்கிறேன். வடை வைப்பதற்கு முன்னால்.

அப்படிக் காப்பாற்றி வைத்திருந்ததை ஒரே ஒரு பின்னூட்டம் போட்டு உடைத்துவிட்டது. ஜெயராணி என்று பெயர், அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாராம், பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதியிருந்தார். "அக்கா, ஏழுகாற்று நாடு அஞ்சாம் பாகம் எங்ககிட்ட இருக்கு. தாரோம். ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் படிச்சோம், ஒண்ணு கெடைக்கல. பதிலுக்கு ஒரு தொடர் சொல்லுங்க, ஆனா அதுல கதாநாயகி சாகக் கூடாது. அலரி செத்ததுலேர்ந்து எங்க லைன்ல சரசக்கா புத்தகத்தையே தொட மாட்டேங்காவ."

அலுவலகம் என்பதையும் மறந்து "அய்யோ" என்று கத்திவிட்டேன். அலரி சாகிறாளா? அந்தப் பின்னூட்டத்தை அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் கோபம் தணிந்த பிறகு, கதையில் வரும் ஒருத்தி செத்ததற்காகப் படிப்பதையே விட்டுவிட்ட அந்தச் சரசக்காவை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

2007, ஆடி போய் ஆவணி பிறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சியிலிருந்து காலை ஐந்தரை மணி பஸ். கரூர், காங்கயம் வழியாக ஏறக்குறைய நூற்றெண்பது கிலோமீட்டர், நாலே முக்கால் மணி நேரம். பையில் என்னுடைய முதல் பாகம் இருந்தது. இரண்டிலிருந்து தொடங்கினோம் என்று ஒருவர் என்னிடமே சொன்னால் நான் சும்மா இருப்பேனா? திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெருக்கியது. தள்ளுவண்டிகளில் குவித்திருந்த குறை விழுந்து ஒதுக்கிய செகண்ட்ஸ் பனியன்களைத் தாண்டிப் பல்லடம் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். அருள்புரத்துக்கு நாலு ரூபாய்.

ஸ்டாப்பில் ஜெயராணி நின்றிருந்தார். திருச்செந்தூர் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கலாம். என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, லைன் வீடுகளுக்கு நடுவே தங்கள் அறைக்கு அழைத்துப் போனார். தேநீரும் தேங்காய் பன்னும் வந்தன. பிறகு அலமாரியிலிருந்து ஐந்தாம் பாகமும் வந்தது. ஏழு தனித்தனிக் கட்டுகளாக. ஒவ்வொன்றையும் கட்பீஸ் துணி நாடாவால் கட்டியிருந்தார்கள்.

"புத்தகம் எங்கே?" என்றேன்.

"இதாம்க்கா புத்தகம்" என்றார் ஜெயராணி, என்னைப் பாவமாகப் பார்த்து.

விஷயம் இதுதான். கம்பெனியில் வெட்டிய துணி, வரிசையாகத் தையல் மெஷின் போட்டிருக்கும் லைனுக்குப் பண்டில் பண்டிலாக வரும். ஒருவர் தைத்து முடித்ததும் அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவார். ஒரு ஆள் முழுப் புத்தகத்தையும் முடிக்கும்வரை மற்ற ஏழு பேர் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று புத்தகத்தையும் அதே மாதிரி பிரித்துவிட்டார்கள். அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து ஏழு கட்டு. முதல் கட்டை முடித்தவர் அடுத்தவரிடம் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுப்பார். பல்லடத்துப் பழைய பேப்பர் கடையில் நான்கு பாகங்களையும் எடைக்கு வாங்கி வந்ததும், முதல் ஆளாக உட்கார்ந்து படித்ததும் சரஸ்வதி என்ற சரசக்கா. துணியின் ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். குண்டடத்துப் பக்கம் சொந்த ஊர், தினமும் கம்பெனி வேனில் வந்து போகிறவர். படித்ததையெல்லாம் போகிற வழியில் வேனில் சொல்லுவாராம். படிக்கத் தெரியாதவர்கள், படிக்க நேரமில்லாதவர்கள், டிரைவர் உட்பட எல்லோருக்கும் அவர் வழியாகத்தான் கதை.

"இப்பச் சொல்லதே இல்லக்கா. வேன்ல ரேடியோதான் ஓடுது" என்றார் ஜெயராணி.

எனக்கு அலரி செத்த துக்கம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் பிரசாதத்தை வாங்குவது போல முதல் கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உப்பளத்தில் பெயர் சொல்லாத ஒரு பெண் உப்பு வாருகிறாள். "இது அலரியோட அம்மா கதைக்கா, பழசு" என்று ஜெயராணி முன்கூட்டியே விளக்கம் சொன்னார். வாயை மூடு தாயே என்று கும்பிட்டுவிட்டுப் படித்தேன். நாற்பது பக்கம் போனதே தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் வெள்ளை வெயிலில் நிமிர்ந்து நின்று சீழ்க்கை அடிக்கிறாள். தென்காற்று வருகிறது.

பன்னைக் கீழே வைத்துவிட்டேன்.

அலரியின் அம்மாவுக்குச் சீழ்க்கை அடிக்க வராது. முதல் பாகத்தின் முதல் அத்தியாயமே அதுதான். அம்மா உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்ப்பாள், வெறும் காற்றுதான் வரும், குழந்தை அலரி விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்படியென்றால் உப்பளத்தில் நிற்பது யார்? பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த ஆசிரியர் அத்தியாயத்துக்கு எண் போடுவதில்லை, பக்க எண்ணும் இல்லை. தாளின் அடி ஓரம் கத்தி வைத்தது போல நேராக இருந்தது.

"பிரிச்சுக் கட்டின அன்னைக்கே, யாரும் படிக்கதுக்கு முந்தி, மழையில நனைஞ்சு அடிப்பக்கம் பூரா பூஞ்சை புடிச்சிட்டுக்கா. கட்டிங் மாஸ்டர்கிட்ட குடுத்து மெஷின்ல வெட்டி லெவல் பண்ணி வாங்கினோம். மெஷின் கத்தி மழுங்கிப் போச்சுன்னு ஏசினாரு."

"கட்டுக்கு நம்பர் போடவில்லையா?"

போட்டிருந்தார்கள். ஏழு கட்டிலும் ஸ்டிக்கர் இருந்தது. ஏழிலும் '5' என்று இருந்தது. பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றுக்கும் ஒரே எண்தான் ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் தைக்கும்போது வேறு பீஸின் கை வந்து சேர்ந்து நிறம் மாறிவிடும். நம்பரிங் பார்க்கிற பெண் அதே பழக்கத்தில், ஐந்தாம் பாகம் ஒரே பீஸ்தானே என்று ஏழுக்கும் ஐந்து ஒட்டிவிட்டாள். அட்டையும் தலைப்புப் பக்கமும் மழையோடு போய்விட்டன. கட்டிங் மேஜையிலிருந்து கட்டுகள் கலைந்து திரும்பி வந்தபோது, எது முதல் கட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா கதை மாதிரி இருந்ததை முதலாவதாகவும், சாவு வருவதைக் கடைசியாகவும் வைத்து அடுக்கிக்கொண்டார்கள்.

என் மடியில் இருந்த பக்கத்தின் அடி ஓரத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனேன். கத்தி தப்பவிட்ட எழுத்துகளின் மேல் பாதி மட்டும் தெரிந்தது. 'முற்றும்.' கட்டிங் மாஸ்டர் அந்தக் கதையின் முடிவைத்தான் லெவல் பண்ணியிருக்கிறார்!

இத்தனை வருடம் பந்தியை விட்டெல்லாம் எழுந்து ஓடியவள், ஐந்தாம் பாகத்தைக் கடைசிக் கட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அந்த மாஸ்டர் எதிரில் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. ஆனால் கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சாவு வருகிற கட்டுக்கும் பிறகு வருவது இது. அலரி சாகவில்லை. உப்பளத்தில் இருக்கிறாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன், ஜெயராணி என்னைப் பிடித்து உலுக்கினார், விஷயம் புரிந்ததும் அவரும் கத்தினார். பக்கத்து அறைகளிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"சரசக்காகிட்ட இப்பவே சொல்லணும்க்கா" என்றார். போனில் சொல்லலாமே என்றேன். போனிலா என்று கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்டதற்காக வெட்கப்பட்டேன்.

சரசக்கா அன்று வேலைக்கு வரவில்லை. ஞாயிறு அரை ஷிப்ட் பார்த்தவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு மணிக்குக் கம்பெனி வேன் குண்டடம் பக்கம் கிளம்பும். அதில் தொற்றிக்கொண்டோம். பல்லடம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் திரும்பியதும் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள், மக்காச்சோளம், முள்வேலிக்குள் ஆடுகள். என் கையில் இருந்த முதல் பாகத்தை டிரைவர் சண்முகம் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, அது அந்தக் காத்துப் புள்ள கதைதானுங்க? புள்ளைதான் செத்துப்போச்சுங்களே, இன்னமுமா படிக்கறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயராணி என் முழங்கையைக் கிள்ளினார். "யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. மொதல்ல சரசக்காகிட்டதான்."

அவ்வளவுதான், வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஏதோ இருக்கிறதென்று. இறங்க வேண்டிய இடத்தில் ஒருவரும் இறங்கவில்லை. சண்முகம் ரேடியோவை அணைத்தார். எல்லோரும் நேராகச் சரஸ்வதியின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தோம்.

சரஸ்வதிக்கு நாற்பது வயதிருக்கும். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர், வேன் நிறைய ஆட்களைப் பார்த்து ஈரக் கையோடு ஓடிவந்தார். "வாங்க வாங்க, ஏனுங்க இத்தனை பேரு? ஊட்டுக்குள்ள வாங்க" என்றார். நான் யார் என்று ஜெயராணி சொன்னதும் கை கூப்பினார். ஆனால் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க. கதைப் பொஸ்தகம் மட்டும் வேண்டாமுங்க. அந்தப் புள்ளையைத் தெனமும் வேன்ல கூட்டீட்டு வந்து, கடைசில நானே சாவையும் சொல்ற மாதிரி ஆயிப்போச்சு. இனி ஆவாதுங்க."

விளக்கம் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. எப்படியோ அடக்கிக்கொண்டு முதல் பாகத்தின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். "முதல் பாகம் நீங்கள் பார்க்கவில்லையாமே. இந்த ஒரு பக்கம் மட்டும் பாருங்கள், போதும்."

மரியாதைக்காக வாங்கினார். வழக்கம் அவரை விடவில்லை போலிருக்கிறது, வேன் ஆட்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகவே படித்தார். அம்மா உதட்டைக் குவிக்கிறாள். வெறும் காற்று வருகிறது. மறுபடியும் குவிக்கிறாள். குழந்தை சிரிக்கிறது. "இதுக்கென்னுங்க" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கையைப் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப..." என்றார். "அப்ப உப்பளத்துல சீட்டி அடிச்சது ஆருங்க?"

"அதாம்க்கா கடைசிக் கட்டு" என்றார் ஜெயராணி. மேற்கொண்டு சொல்லத் தேவையும் இல்லை. அவர் முகத்தில் அது மெல்ல வந்து சேருவதை நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். "உசுரோட இருக்கறாளா? கண்ணு, ஜெயா, உசுரோட இருக்கறாளா?" என்று கேட்டுக்கொண்டே சிரித்தார், அழுதார், ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சண்முகம் ஓடிப்போய் வேன் ஹாரனை விடாமல் அடித்தார். தோட்டத்து ஆடுகள் மிரண்டு கத்தின. என் வாழ்நாளில் எத்தனையோ தொடர்களின் கடைசிப் பக்கத்தைப் படித்திருக்கிறேன், இப்படி ஒரு முடிவை நான் பார்த்ததில்லை.

நாயகி சாகாத தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று ஜெயராணி கேட்டிருந்தார் அல்லவா? அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து இதோ என் சிபாரிசு: 'ஏழுகாற்று நாடு', ஐந்து பாகம், முதலிலிருந்து. முடிவு தெரிந்துவிட்டதே என்று மூக்கைச் சிந்தாதீர்கள். எனக்கும்தான் தெரியும். சரியான வரிசையில் ஒன்று முதல் ஏழு வரை புது ஸ்டிக்கர் ஒட்டிய கட்டுகள் இப்போது வாரம் ஒன்றாகத் தபாலில் வருகின்றன, அந்த லைனின் கடைசி ஆள் நான்தான். அலரி பிழைப்பாள் என்று தெரிந்தும், இரண்டாவது கட்டில் அவள் மலை ஏறும்போது எனக்குக் கை வியர்த்தது.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாட்களில் அருள்புரத்தில் யாரும் பேச நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். வேன் கிடைக்காவிட்டால் பல்லடத்திலிருந்து தாராபுரம் பஸ்ஸில் குண்டடம் ஒரு மணி நேரத்துக்குள், பதினோரு ரூபாய். ஆடி, ஆவணியில் காற்று பலமாக இருக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் தலைமுடியை மறந்துவிடுங்கள். பல்லடத்துப் பழைய பேப்பர் கடைகளில் காலையிலேயே தேடிவிடுங்கள், மதியத்துக்கு மேல் மூட்டை கட்டிவிடுகிறார்கள். நனைந்த புத்தகம் கிடைத்தால் வெயிலில் உலர்த்துங்கள். கட்டிங் மாஸ்டரிடம் கொடுக்காதீர்கள்.

முதல் பாகத்தைச் சரஸ்வதியிடமே விட்டுவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை ஜெயராணியிடமிருந்து பின்னூட்டம்: "அக்கா, ரெண்டு நாளா வேன்ல ரேடியோ போடல. சரசக்கா மொதல்லேர்ந்து சொல்லுதாவ. சம்முகண்ணன் கதை கேட்டுக்கிட்டே வண்டிய மெதுவா உருட்டுதாவ, லேட்டுன்னு மேனேஜர்கிட்ட எல்லாரும் ஏச்சு வாங்குதோம். இப்பதான் அவ அம்மா சீட்டியடிக்கத் தெரியாம முழிக்கிற எடம் வந்துருக்கு."